கலிமாவுக்குப் பொறவு

அந்த ரெக்கார்டர ஏன் அங்கன வச்சிருக்க, எம் பக்கத்துல வையி பிள்ள. எனக்கு இப்பம் சத்தம் கம்மியாத்தான் வருது. ஓடுதா? சரி, ஓடட்டும்.

பேச்சுன்னா எங்க மேலப்பாளையத்துல என்ன அர்த்தம்னுதான கேட்ட. நீயும் டவுண்காரிதான, ஒனக்குத் தெரியாததா. சரி, காலேஜுல எழுதிட்டு வரச் சொல்லியிருக்காவ, எழுதிக்கோ. பேச்சு வாங்குததுன்னா ஏச்சு வாங்குதது. எம் மாமிகிட்ட நான் வாங்காத பேச்சா. ஒருத்தருக்குப் பேச்சு குடுத்தாச்சுன்னா வாக்கு குடுத்தாச்சு. பொண்ணுக்குப் பேச்சு முடிச்சாச்சுன்னா கல்யாணம் முடிவாயாச்சு. அவனுக்கும் எனக்கும் பேச்சு கெடையாதுன்னா பகை. எழுதிட்டியா? அம்புட்டும் இந்த ஒரு வீட்டுக்குள்ளயே நடந்துருக்கு.

ஷம்ஸியா எம் மவ. கடையநல்லூர்ல கெட்டிக் குடுத்திருக்கு. அவ வாப்பா மதார், சவுதியில தம்மாம்ல பதினெட்டு வருசம் ஏசி மெக்கானிக்கு. அவியளுக்கு ஒரு தங்கச்சி, புருசன் இல்லாதவ. ஒம் மவனுக்குத்தான் ஷம்ஸியான்னு அவிய அங்கன இருந்தே தங்கச்சிக்குப் பேச்சு குடுத்திருக்காவ. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் இங்கன நல்ல எடம் வந்துச்சேன்னு கடையநல்லூருக்குப் பேச்சு முடிச்சுட்டேன். நானும் அவியட்ட கேக்கல. முடிச்ச பொறவுதான் போன் போட்டுச் சொன்னேன்.

ஆமா, தப்புதான். அன்னைக்குத் தப்புன்னு தோணல. பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் பள்ளிக்கூடம்னாலும் நாந்தான முடிவு பண்ணுனேன். அவிய ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அத்தரும் பேரீச்சம்பழமும் கொண்டாந்துட்டுப் போற விருந்தாளி.

கல்யாணத்துக்கு வந்தாவ. நிக்காஹ்ல கையெழுத்துப் போட்டாவ, சபையில எல்லார்ட்டயும் சிரிச்சுப் பேசுனாவ. அன்னைலேருந்து எங்கிட்ட பேச்சு இல்ல. ஒம்பது வருசம்.

இல்ல இல்ல, தலாக்குல்லாம் ஒண்ணும் கெடையாது. இதே வீடு, ஒரே சோறு. வேலய விட்டுட்டு ஊருக்கு வந்த பொறவும் அப்படித்தான். முத்தத்துல ஒரு ஆடு நின்னுச்சு, அதுகிட்டதான் பேசுவாவ. ஏ ஆடே, இன்னைக்கு மீன் ஆணத்துல உப்பு கூடிப் போச்சுன்னு. நானும் ஆட்டப் பாத்தே, மாத்திர ஜன்னல்ல இருக்குன்னு சொல்லுவேன். சிரி, பரவால்ல. நாங்களும் ஒரு நாளாச்சும் சேந்து சிரிச்சிருக்கலாம். ரெண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அந்த ஆட்டக் குர்பானி குடுக்க மனசு வரல. அத அறுத்துட்டா அப்பறம் வீட்டுல யாருகிட்டப் பேச.

அதுவா? அந்தா, முருங்கைக்குக் கீழ நிக்குல்லா, அதேதான்.

நான் மொதல்ல பேசியிருக்கலாம். வீம்பு. இன்னைக்குப் பேசுவாவ, நாளைக்குப் பேசுவாவன்னே இருந்துட்டேன்.

போன தையில நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டு. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாவ.

பேச்சுக்கு வேற வார்த்த உண்டான்னு கேட்டேல்லா. கலிமான்னு ஒண்ணு இருக்கு. அரபியில அதுக்கு சொல்லுன்னுதான் அர்த்தம், எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்லுவாவ. எங்களுக்கு அது அல்லாவத் தவிர வேற நாயன் இல்லங்கிற சொல்லு. ஒருத்தர் மவுத்தாகப் போற நேரத்துல பக்கத்துல உக்காந்து, காதுல பைய அத சொல்லிக் குடுப்போம். வாயிலேருந்து வர்ற கடைசிப் பேச்சு அதாத்தான் இருக்கணும். அப்படி அமையணும்னுதான் ஆயுசு பூரா துவா கேக்குதது.

அன்னைக்குச் சாயங்காலம் அசருக்கு பாங்கு சொன்ன நேரம். ஷம்ஸியா வெந்நி எடுக்க அடுக்களைக்குப் போயிட்டா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். சொன்னாவ. ஒரு எழுத்துப் பிசகாம சொன்னாவ. ஜுபைதா குடுத்து வச்சவ, புருசனுக்குக் கலிமாவோட மவுத்துன்னு ஊரே சொல்லுது. நீயும் தெருமொனயில கேட்டிருப்ப.

சொல்லி முடிச்சுட்டுக் கண்ணத் தொறந்தாவ. என்னப் பாத்தாவ. ஜுபைதான்னாவ. ஒம்பது வருசங்கழிச்சு எம் பேரு. ஒரு பேச்சுன்னு ஆரம்பிச்சாவ.

நான் அவிய வாயப் பொத்திட்டேன்.

பேசாதிய, கலிமா சொல்லியாச்சு, இனி ஒண்ணும் பேசாதியன்னு சொல்லிக்கிட்டே பொத்திட்டேன். கடைசிப் பேச்சு கெட்டுரக் கூடாதுல்லா. அப்படியே போயிட்டாவ.

நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஹஜ்ரத்து வந்தாவ. நான் இத்தாவுல இருந்தேன், புருசன் போனவ அந்நிய ஆம்பள முன்னால வரக் கூடாதுல்லா. தெரைக்கு இங்கிட்டு இருந்தே, அடுத்த தெருவுல ஒருத்தி இப்படிச் செஞ்சாளாம், சரியான்னு கேட்டேன். அதுக்குப் பொறவு பேசுனா என்னம்மா, பேசி முடிக்க வுட்டுட்டு இன்னொருக்காக் கலிமா சொல்லிக் குடுத்தாப் போதுமேன்னாவ. அம்புட்டுதான். நெய்ச்சோறு தின்னுட்டுப் போயிட்டாவ.

ஷம்ஸியாவுக்குத் தெரியாது. ஒங்கிட்டதான் சொல்லுதேன்.

ஒதடு அசஞ்சுது பிள்ள, இந்தா, இந்த உள்ளங்கைக்குள்ள. ரெண்டு தரம். நீ ஊரூராப் போயி எல்லாரு பேச்சையும் எழுதுத. ஒதடு ரெண்டே தரம் அசஞ்சா, அது என்ன வார்த்தயா இருக்கும்?