எதிரியென்று நினைத்த கண்

மலாக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அலோர் காஜாவுக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கணவர்தான் முதலில் பேசினார்.

“என் கண்ணு என்னோடதுன்னு என் உடம்புக்கே தெரியலயாம்லா.”

“டாக்டர் சொன்னது எனக்குச் சரியா வெளங்கலங்க.”

“தோட்டத்துல செம்பனை மரத்து முள்ளு குத்தி எடது கண்ணு கிழிஞ்சுச்சில்ல. கண்ணுக்குள்ள இருந்தத உடம்பு அதுக்கு முன்னால பாத்ததே இல்லயாம். எதிரின்னு நெனச்சிருச்சு. ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குத் தகவல் அனுப்பி, இப்ப நல்ல கண்ணயும் தாக்குதாம். அதான் அதுவும் மங்கிருச்சு.”

அந்த அம்மாள் மடியிலிருந்த மருந்துப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குத்துன வாரமே அந்தக் கண்ண எடுத்துடலாம்னாங்க. எடுத்திருந்தா இது வந்திருக்காதா?”

“அநேகமா வந்திருக்காதாம்.”

“நான்தான் வேணாம்னேன். மக கல்யாணம் வருது, போட்டோல நல்லா இருக்காதுன்னேன்.”

“பரவால்ல, விடு.”

பஸ் ரெம்பியா ஊரைத் தாண்டியது. அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“கல்யாணம்னு சொன்னது பொய்ங்க. கண்ணில்லாத மொகத்த தெனம் எப்படிப் பாக்குறதுன்னு எனக்குப் பயமா இருந்துச்சு.”

கணவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“தெரியும். கட்டு மாத்துறப்பல்லாம் நீ செவுத்தத்தான் பாத்துக்கிட்டிருந்த. அப்ப எனக்கு இந்த வலது கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு.”