அப்பா சைஸ்

அதையும் அந்தக் கட்டில் மேலயே வைங்க தம்பி. பாத்து, பாத்து... ஒண்ணு சரிஞ்சா எல்லாம் சரியும். கட்டில் எங்கேன்னு தேடாதீங்க, அந்தக் குவியலுக்கு அடியில இருக்கு. என் கட்டில்தான். இப்போ அதுல திரும்பி வந்த சட்டைங்க கையை விரிச்சுப் படுத்திருக்கு, நான் ஹால்ல செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துல சுருண்டு கிடக்கறேன்.

மாடி வீட்டுக்குப் புதுசா வந்திருக்கறது நீங்கதானே? பார்சல் மேல விலாசத்தைப் பாத்துட்டு, சட்டையைத் திருப்பிக் குடுக்கக் கூரியர்காரனுக்கு எதுக்குக் காத்திருக்கணும்னு நேரா இறங்கி வந்துட்டீங்க. நல்லது. ஆனா மருமக வெளிய போயிருக்கா. சட்டை திரும்பி வந்துச்சுன்னு அவதான் ஃபோன்ல தட்டிவிடணும். உக்காருங்க. அங்க இல்ல, அது பட்டன் டப்பா.

கடைன்னா ஒரு போர்டு இருக்கணும், வாசல்ல ஒரு மணியாவது இருக்கணும். இது ஃபோனுக்குள்ள இருக்கற கடை. மருமக பெரிய துணிக் கம்பெனியில விளம்பரம் பாத்துக்கிட்டு இருந்தவ. வேலையை உதறிட்டு வந்தா, எங்களை எல்லாம் ஹால்ல உக்கார வச்சுப் பாடம் எடுத்தா. ஆன்லைன்ல விக்கறவன் எல்லாம் ஜிம்முக்குப் போற பசங்களுக்கே தைக்கறானாம். வயிறு வச்ச அப்பா எங்கே போவான்? அவனுக்குன்னே நாம தைக்கணும்னா. எம், எல், எக்ஸெல்லுன்னு போட்டா மனுஷன் கூச்சப்படறான்னு, சித்தப்பா, அப்பா, பெரியப்பான்னு சைஸுக்குப் பேரு வச்சா. எக்ஸெல்லுன்னா பம்முவான், பெரியப்பான்னா நெஞ்சை நிமித்திக்கிட்டு வாங்குவான். நீங்க பெரியப்பாதானே? பாத்ததுமே தெரிஞ்சுது. தப்பா நெனைக்காதீங்க.

மூளைக்காரிதான், நான் இல்லேங்கலை. ஆனா பாருங்க, விளம்பரத்துல 'இன்னும் ரெண்டே சட்டைதான் மிச்சம், முந்துங்க'ன்னு வருது. இங்க என் கட்டில்ல மலையாக் கிடக்கு. கேட்டா, "மாமா, அது மார்க்கெட்டிங்"குங்கறா. ஒருத்தன் பாத்துட்டு வாங்காமப் போனா அவனை லேசுல விடக் கூடாதாம். 'உங்க சட்டை உங்களுக்காகக் காத்திருக்கு'ன்னு அவன் ஃபோனுக்குச் சேதி போகுமாம். எனக்கே வந்துச்சு தம்பி. சும்மா விரலால தொட்டுப் பாத்தேன். அன்னையிலேருந்து, என் வீட்டுக்குள்ளேயே கிடக்கற சட்டை, ஊரெல்லாம் சுத்தி வந்து என்னைக் கூப்பிடுது.

அப்புறம் விளம்பரத்துல இன்னொண்ணும் போட்டா, 'பிடிக்கலைன்னா சும்மா திருப்பி அனுப்புங்க'ன்னு. அதுதான் என் கட்டிலுக்கு வந்த கேடு. அனுப்பறவன் எல்லாம் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணையே எழுதறான், வயித்துகிட்ட பிடிக்குதுன்னு. கொஞ்சம் கம்மியா சாப்பிடுங்கன்னு பதில் போடும்மான்னேன். போட மாட்டேன்னுட்டா.

படமா? ஆமா, அந்த விளம்பரத்துல நிக்கறது நான்தான். படத்துக்கும் சரி, அளவுக்கும் சரி, முதல்ல என்னைக் கேக்கலை, அதையும் சொல்லிடறேன். "எங்கப்பாவை வச்சு அளவெடுத்துக்கலாம்"னா. சம்பந்தியை. விடிஞ்சும் விடியாம வெள்ளை ஷூவை மாட்டிக்கிட்டு ஓடற மனுஷன். வயிறு இருக்க வேண்டிய இடம் கதவு மாதிரி தட்டையா இருக்கும். எங்க பையன் கல்யாணத்தன்னிக்கு, அத்தனை சனம் பாக்குது, என் வயித்துல லேசாத் தட்டி, "சம்பந்தி, இதுக்குத் தனியா ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா மறக்கலை.

அதான் நான் முந்திக்கிட்டேன். அப்பாங்களுக்குச் சட்டைன்னு சொல்லிட்டுக் கதவை வச்சா அளவெடுப்பாங்கன்னு கேட்டேன். அவளுக்கும் சரின்னு பட்டுச்சு. டேப்பை எடுத்தா. என் அளவுதான் 'அப்பா'. அதுல ரெண்டு விரல் குறைச்சா சித்தப்பா, ரெண்டு விரல் கூட்டினா பெரியப்பா. மொத்தக் கடையும் என் வயித்து மேல நிக்குதுன்னு வைங்களேன்.

பின்ன ஏன் திரும்பி வருதுன்னுதானே கேக்கறீங்க? கட்டிங் மாஸ்டர். அந்த ஆள் வேலைதான். சின்னத் தையல் யூனிட்டு, அவரும் அவர் சம்சாரமும்தான். எங்க சட்டையை நம்பி மத்த வேலையெல்லாம் விட்டுட்டாங்க. சட்டைக்குச் சட்டை துணியைச் சுருட்டறார்னு மருமகளுக்குச் சந்தேகம். இனிமே உங்களுக்கு வேலை இல்லேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லத்தான் இப்போ போயிருக்கா. நான் தூண்டிவிடலை. இருந்தாலும் இருக்கும்மான்னேன், அவ்வளவுதான்.

அந்த ஆளுக்கு வாய் நீளம் தம்பி. முதல் சட்டையைத் தச்சு எடுத்துக்கிட்டு வந்தவர், என்னை ஏற இறங்கப் பாத்தார். சோபாவுல சம்பந்தி உக்காந்திருக்கார். அவர் காதுல விழற மாதிரி கேக்கறார், "ஐயா, அளவெடுக்கறப்போ மூச்சை விட்டீங்களா?"

கேக்கற கேள்வியா இது? பெரிய மனுஷனைப் பாத்து...

என்னது, போட்டுக் காட்டணுமா? நானா? போட்டுட்டாப் போச்சு, எனக்கென்ன பயம். இருங்க, இதுலேருந்து ஒரு 'அப்பா'வை உருவறேன். ம்... கையை விட்டாச்சு. தோளைப் பாருங்க, அச்சா உக்காருது. பட்டனும் போட்டாச்சு. எங்கயாவது பிடிக்குதா சொல்லுங்க. இப்படியே... நின்னா... ஒரு...

ஹா.

எங்கே போச்சு? பட்டன். உங்க காலுக்கு அடியிலயா? குடுங்க.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. அளவெடுத்த அன்னிக்கும் சம்பந்தி எதிர்லதான் உக்காந்திருந்தார். மருமக டேப்பைச் சுத்தறா, அவர் கண்ணெடுக்காமப் பாக்கறார். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கொஞ்சமா உள்ள இழுத்தேன். சரி, கொஞ்சம் இல்ல. முதுகெலும்பு வரைக்கும் இழுத்தேன். "பரவாயில்லையே, மாமா ஸ்லிம்மாத்தான் இருக்கார்"ன்னா மருமக. அவ அப்பா மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. அதுக்கப்புறம் எந்த வாயால போய்ச் சொல்றது? மாஸ்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம். சம்பந்தி இருந்தாரே.

இந்நேரம் அவ யூனிட்டுக்குப் போயிருப்பா இல்ல? அங்க ஒரே ஒரு ஃபேன்தான் தம்பி. நான் ஒரு தடவை போனப்போ மாஸ்டர் சம்சாரம் அதை என் பக்கம் திருப்பி வச்சுட்டு, வேர்க்க வேர்க்க மிஷினை மிதிச்சுது. ச்சே...

ஃபோனைப் போட்டு நீங்களே சொல்லுங்களேன். டேப்பு சுருங்கிப் போச்சுன்னு சொல்லுங்க. வெயில்ல கிடந்தா டேப்பு சுருங்காதா? ஏன் தலையை ஆட்டறீங்க. சரி விடுங்க, நானே பேசறேன்.

அம்மாடி, நான்தான். போய்ச் சேந்துட்டியா? மாஸ்டர்கிட்ட எதுவும் சொல்லிடலையே? இப்பதான் இறங்கப் போறியா. இறங்காதே, இதைக் கேட்டுட்டு இறங்கு. அவர் மேல தப்பில்லைம்மா. துணி மேலயும் தப்பில்லை... டேப்பா? அதுவும் நல்ல டேப்புதான். நான்தான்... அளவெடுக்கறப்போ வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நின்னேன். ஆமா. முழுக்க. சாயந்திரம் வந்து மறுபடி எடு, இந்தத் தடவை மூச்சை விட்டுட்டு நிக்கறேன். மாஸ்டரையும் கூட்டிக்கிட்டு வா. அவரே எடுக்கட்டும்.

என்ன சத்தம் அங்கே? யாரு சிரிக்கறது? ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே? யார் கார்ல போனே நீ?

...சம்பந்தி, நல்லா இருக்கீங்களா?

ஏன் தம்பி, என் வயித்தை எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? நான் ஃபோன்லதானே பேசறேன். இருங்க சம்பந்தி, ஒரு நிமிஷம்...

அட, ஆமா. தானா உள்ள போயிடுச்சு.