பெரியக்காவுக்குத் தெரியுமா?

மேடையில் இருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, "கசப்பா எதுவும் பேசிடாதீங்க சார்" என்று படிக்கட்டிலேயே என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்ட செயலாளர் அவர்களே, அழுது முகம் வீங்கிப்போன செவிலியர்களே, முதல் வரிசையில் இருக்கும் பெரியக்காவின் மகளே, வணக்கம்.

புற்றுநோய் வார்டை முப்பது ஆண்டுகள் தாங்கிய தலைமைச் செவிலியர், நாமெல்லாம் பெரியக்கா என்று அழைத்தவர், இன்று இல்லை. எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அவரோடு காலமெல்லாம் சண்டை போட்டவன் நான். வார்டின் தலைமைப் பொறுப்பு இரண்டு முறை என் கைக்கு வராமல் போனது. நோயாளிகளின் புகார்தான் காரணம் என்றார்கள். புகார் கொடுக்கச் சொன்னது யார்? பெரியக்கா! உண்மையை ஈட்டி மாதிரி நெஞ்சில் இறக்குகிறேன் என்று எனக்கு ஈட்டி டாக்டர் எனப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். சிரியுங்கள், பரவாயில்லை.

எதற்குச் சண்டை? தினமும் காலையில் வார்டு வாசலில் என்னை மறிப்பார். "டாக்டர், மூணாம் பெட்டுக்கு உள்ளதைச் சொல்லிடுங்க, தாங்குவார். ஏழாம் பெட்டுகிட்ட வாயைத் திறக்காதீங்க." உண்மை என்ன மருந்தா, ஆளுக்கு ஆள் அளந்து ஊற்ற? என்று கேட்பேன். "சரி தப்பெல்லாம் பெட்டுக்குப் பெட்டு மாறும் டாக்டர். படுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார்.

அந்த ஏழாம் பெட்டில் ஒரு லாரி ஓட்டுநர். சீக்கிரமே வண்டி எடுக்கலாம் என்று பெரியக்கா சொன்னதை நம்பிச் சிரித்துக்கொண்டே செத்தார். அந்த ஓட்டுநரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அவருடைய அண்ணன் பிறகு வந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே" என்று கதவில் முட்டிக்கொண்டார். யார் அறைக் கதவில்? என் அறைக் கதவில்! அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

நான் உண்மையைச் சொன்ன ஓர் ஆசிரியர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், கடைசிவரை மனைவியிடம்கூடப் பேசவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

சென்ற ஆண்டு பெரியக்கா தன் ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆம், என்னிடம்! "மத்தவங்க எல்லாரும் எனக்குப் பொய் சொல்லுவாங்க. சொல்லிக்கொடுத்ததே நான்தானே! நீங்க சொல்லுங்க."

சொன்னேன். அவருக்கும் அதே நோய், நாள் அதிகமில்லை என்று. "அப்போ ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கணும்" என்றார். இதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். "அர்த்தத்தை யாராவது செஞ்சு வச்சிருக்காங்களா டாக்டர், போய் எடுத்துட்டு வர? நாமதான் பண்ணிக்கணும்."

கற்றுக்கொண்டார். விழுந்தார். முழங்கையில் கட்டோடு டூட்டிக்கு வந்தார். இந்த வயதில் எதற்கு இந்தக் கூத்து என்று மகள் திட்டினாள். சில நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "அவளா கேட்டா நீங்களே சொல்லுங்க. கேக்காதவகிட்ட ஈட்டியைத் தூக்கிட்டுப் போகாதீங்க" என்றார்.

மகளே, சற்றுமுன் வாசலில் நீ கேட்டாய்: "டாக்டர் அங்கிள், அம்மாவுக்குத் தெரியுமா? தெரியாது, நிம்மதியாப் போனாங்கன்னு எல்லா அக்காவும் சொல்றாங்க."

இதோ, அந்தச் செவிலியர் அக்காக்கள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டுகிறார்கள். அது அன்பு என்று எனக்கும் தெரியும். நான் வாய் திறந்தால், நீ பேசாமல் இருந்த நாட்கள் உன்னைத் தூங்கவிடாது என்பதும் தெரியும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி எடுத்தார்கள். அவர் சொன்ன பொய்களை நான் தொடர மாட்டேன். ஆனால் இனி எந்தப் படுக்கை அருகிலும், தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்காமல் வாய் திறக்க மாட்டேன். அவருக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் இது ஒன்றுதான். உன்னிடமிருந்தே தொடங்குகிறேன், அம்மா. தெரிந்துகொள்ள வேண்டுமா?

எழுந்து நிற்கிறாய். சரி.

தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். நீ திட்டியதையெல்லாம் என் அறையில் வந்து நடித்துக் காட்டுவார். இது நான் ஆறுதலுக்காகச் சேர்த்துச் சொல்வதல்ல; எனக்கு அது வராது என்று இந்த மண்டபத்துக்கே தெரியும். அவர் சொன்னது இதுதான்: "நான் இன்னும் நாப்பது வருஷம் இருக்கப்போற மாதிரியே திட்டுறா டாக்டர். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு!"