வேல்சாமிகிட்ட சொல்லிருங்க

போனுல வந்த அந்தப் பேச்ச இன்னொருக்கா போடு தாயி. தொந்தரவெல்லாம் இல்ல. பசுவந்தனையில பஸ் ஏறுனதுல இருந்து நாலு தடவ போட்டுட்ட, அஞ்சாவது கேட்டா காதா தேஞ்சு போகும்? குவைத்துல வீட்டு வேலை, நேரத்துக்குச் சோறு, வெள்ளிக்கிழமை லீவு, பயப்படாம வாங்கன்னு ஒரு பொம்பள நம்ம ஊரு வாயில சொன்னா யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

என் தொண்டையா? அது கம்மிப்போயி ரெண்டு வருசமாச்சு. தண்ணிய நீயே வச்சுக்க, தூரமாப் போறவ நீதான்.

மாரிசெல்வியா? நல்ல பேரு. தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தியோ? விரலப் பாத்தாலே தெரியுது. இன்னைக்கே ரயிலா? ஏஜெண்டு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல நிப்பாரா? பாஸ்போர்ட்டும் அவர்கிட்டதானா? ம்ம்.

கோவப்படாத, ஒண்ணு கேக்குதேன். விசாவுல வேலைக்குன்னு போட்டிருக்கா, சுத்திப்பாக்கன்னு போட்டிருக்கா? போனப்புறம் மாத்திக்கிடலாம்னு சொன்னாராக்கும். சரி, ஏர்போர்ட்டுல கேட்டா? அக்காவப் பாக்கப் போறேன்னு சொல்லணுமா? ஏட்டி, யோக்கியமான வேலைக்கு எதுக்குப் பொய் சொல்லிட்டுப் போகணும்? தீப்பெட்டி ஆபீஸ் கேட்டுல என்னைக்காவது அக்காவப் பாக்க வந்தேன்னு சொல்லிட்டு உள்ள போனியா? சிரிக்காத. எத்தனாவது வரைக்கும் படிச்ச? எட்டா. பத்து படிக்காத, முப்பது வயசு ஆகாத பிள்ளைய அங்க வீட்டு வேலைக்கு சர்க்கார் விடாது, பாத்துக்க. அதான் உனக்குப் புதுசா ஒரு அக்கா பெறந்திருக்கா. லைசென்ஸ் உள்ள ஏஜெண்டுன்னா நம்பர் இருக்கும், வேலை ஒப்பந்தம் ஒண்ணு உன் கையில தந்திருப்பாரு. தந்தாரா?

எனக்கு எப்படித் தெரியும்ங்கியா? எங்க ஊர்ல ஒருத்தி போனா. ரெண்டு வருசமா மழை ஏமாத்திருச்சு, பருத்தி காடோட கருகிப்போச்சு, மகள நர்சுக்குப் படிக்க வைக்கணும். போனா. மழைக்குக் கரிசல்ல எறங்குனவ கத மாதிரிதான். எடுத்து வைக்க வைக்கக் கால் கனக்கும், திரும்பவும் ஏலாது. மூணு மாசத்துல விசா முடிஞ்சிருச்சு. வெளிய போனா போலீஸ் பிடிக்கும்னு சொல்லியே பூட்டி வச்சாவ. மூணு மாடி, பதினாலு பேரு, இவ ஒருத்தி. சன்னல் இல்லாத பாத்ரூமுல மருந்து ஊத்திக் கழுவிக் கழுவி நெஞ்சு எரிஞ்சே கெடந்தா.

ஒருநா ஏஜெண்டு ஆளு வந்தான். நான் சொல்லுதமாரி பேசு, உன் வீட்டுக்கும் அனுப்புதேன்னு போன நீட்டுனான். பேசுனா. கடைசியில அவளா ஒரு வரி சேத்தா. அந்த எடுபட்ட பயலுக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடிச்சிருச்சு.

ஆமா, அதேதான். நீ போட்டியே, அதுதான். நம்பலையா? கடைசிய மட்டும் போடு. எங்க வீட்டுக்காரர் வேல்சாமிகிட்ட சொல்லிருங்க, நான் சொகமா இருக்கேன், சீக்கிரமா அவர்கிட்ட வந்து சேந்துருவேன். கேட்டியா? புருசன் மேல எம்புட்டுப் பிரியம்னு நெனச்சிருப்ப.

வேல்சாமி செத்து அப்பவே ஒம்பது வருசம்.

தெருவே கேட்டுச்சு, சொகமா இருக்காள்னு சொல்லிச்சு. அவ மக காவியாவுக்கு மட்டும் சுருக்குன்னுச்சு. செத்த அய்யாகிட்ட எங்கம்மா சேந்துருவேங்காளேன்னு அழுதுக்கிட்டே தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸுக்கு ஓடுனா. திங்கக்கிழம தவறாம மனு. ஏழு மாசம் கழிச்சு அவ அம்மா ஊர் வந்து சேந்தா. உசுரு வந்துச்சு, குரலு வரல.

அந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. பைய எடு. காவியா அங்கன நிப்பா, இன்னைக்கு எனக்கு நெஞ்சுல எக்ஸ்ரே படம் எடுக்கணும்னு வரச் சொன்னா. என்ன முழிக்க? நான்தான். அவளுக்கு வேல்சாமி யாருன்னு தெரியும், புரிஞ்சுக்கிட்டா. உனக்கு எப்படித் தெரியும்? எந்தெந்த ஊருப் பிள்ளைக கேட்டுட்டுக் கெளம்புச்சோ, அவிய யாருக்கும் தெரியாதே.

வா, பாஸ்போர்ட்ட நான் கேக்குதேன். தரலைன்னா காவியா கத்துவா, அவளுக்குக் குரல் இருக்கு. இந்தப் பேச்ச உனக்கு யாரு அனுப்புனான்னு அவ எழுதிக்கிடட்டும்.

அப்பறமா அந்தப் போனுல இருந்து என்னய அழிச்சிரு தாயி.