முகப்பேரில் நிற்கும் படகு

— தகரத்துக்குக் கீழ வச்சா சிக்னல் எப்டி சிக்கும் ஃப்ரெடி? அதுக்கு வானம் தெரியணும், கேட்டியா. ஆன்டெனாவத் தூக்கி கேபின் மேல வை.

— வச்சிட்டேன் அண்ணி. லைட்டு மினுக்கிகினு கீது.

— அப்ப சிக்கிடுச்சு. ஏழு சேட்டிலைட்டு. உள்ளங்கை அகல கம்ப்யூட்டரு, ஒன் போட்டு எங்க கீதுன்னு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா என் கடைக்கு அனுப்பும்.

— மொபைல் ரிப்பேரு கடைல ஒக்காந்துகினு என்னிய காவல் காக்கப் போறியா?

— ஒங்கண்ணனுக்கு நீ காவல் இருந்த லட்சணம் தெரியாதா? அவரு போட்டு கவுந்து நாலு மணி நேரம் கழிச்சு வந்த. ஒன் பொண்டாட்டிக்கும் என் கதி வேணாம்னுதான் இத செய்றேன். பாசத்துல இல்ல.

— தெரியும் அண்ணி. ரெண்டு வருசம் கழிச்சு பேசுறியே, அது போதும். மேப்ப காட்டு.

— இரு. காசிமேட்டுலதான நிக்கிறோம்?

— பின்ன?

— கடலே இல்லாத முகப்பேருன்னு காட்டுது.

— அங்க வஞ்சிரம் நல்ல வெலைக்குப் போவும். எறக்கிட்டு வந்துடவா?

— சும்மாயிரு. ஒயரு சரியா கீது, நம்பரும் வருது. ஒண்ணு, மூணு, சைபர், ஏழு, புள்ளி, அஞ்சு. பதிமூணுக்கு அப்பால புள்ளிய நவுத்தி வச்சு மேப்புல போட்டேன்.

— அங்கதான் பேஜாரு. அது பதிமூணு டிகிரி, ஏழரை மினிட். அறுவது மினிட்டு சேந்தாதான் ஒரு டிகிரி, கடியாரம் மாதிரி. ஏழரைய அறுவதால வகு. அடுத்த நம்பரையும் அப்டியே போடு.

— பதிமூணு புள்ளி ஒண்ணு ரெண்டு அஞ்சு… ம். காசிமேடு.

— கடல்ல நாங்க அல்லாரும் மினிட்டுலதான் சொல்லுவோம்.

— அல்லாருமா?

— அத உடு அண்ணி. டீ சொல்லவா?

— ஃப்ரெடி. அன்னிக்கு ஒங்கண்ணன் போன்ல, "பதிமூணு, இருவத்தி நாலு"ன்னாரு. நான் பதிமூணு புள்ளி இருவத்தி நாலுன்னு மேப்புல குத்தி ஒனக்கு அனுப்புனேன்.

— இரு, டீ வாங்கியாறேன்.

— நில்லு. நான் குத்துன எடம் எண்ணூருக்கு நேரா. நீ அவர எடுத்தது பழவேற்காட்டுக்கு நேரா. நாலு மணி நேரம் நான் சொன்ன எடத்துலதான் தேடுனியா?

— கடல் பெருசு அண்ணி.

— ஊரே உன்ன காறித் துப்புச்சு. நானும் துப்புனேன். ஒனக்கு எப்ப தெரியும்?

— அண்ணன போட்டுல ஏத்துறப்பவே என் ஜீபீஎஸ்ஸ பாத்தேன், பதிமூணு, இருவத்தி நாலுன்னு நின்னுகினு இருந்துச்சு… நான் லேட்டா வந்ததாவே இருக்கட்டும் அண்ணி.