தையற்காரரின் இடப்பக்கம்

எதிரில் வந்து உட்கார்ந்ததிலிருந்து பலமுறை கால் மாற்றிப் போட்டுவிட்டீர்கள் சார். சங்கடப்பட வேண்டாம், அது உடம்பு தனக்குச் செய்துகொள்ளும் நல்ல காரியம். ஓரிடத்தில் எடை அழுந்தினால் அங்கே ரத்தம் போகாது. தோல் முணுமுணுக்கும், நமக்கே தெரியாமல் அசைந்துகொள்வோம். பக்கவாதம் வந்தவருக்கு அந்த முணுமுணுப்பு கேட்காது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ்கள் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறோம்.

எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் அட்டைக் கடிகாரம் தொங்கும். நோயாளியைத் திருப்பியவர் அதன் முள்ளையும் அந்த நேரத்துக்கு நகர்த்திவிட்டுப் போவார். அடுத்து வருபவர் முள்ளைப் பார்ப்பார், முதுகைப் பார்க்க மாட்டார். நம்பிக்கையில் ஓடும் வேலை இது.

அந்த வார்டில் கிடந்த தையற்காரருக்கு இடப்பக்கம் முழுக்க உணர்வில்லை. வாய் மட்டும் ஓயாது. "என்ன சிஸ்டர், சட்டைக்கு இஸ்திரி போடுற மாதிரி முன்னாடியும் பின்னாடியும் புரட்டுறீங்க" என்பார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. என் அறைக்கும் யாரும் வருவதில்லை. வேலை முடிந்த பிறகும் அவர் கட்டிலருகிலேயே இருப்பேன். அவரைத் திருப்புவதும் என் பொறுப்பாகவே ஆனது, மற்ற சிஸ்டர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

அப்போதுதான் அக்கா சங்கத்தைப் பற்றிச் சொன்னாள். என்னோடு பிறந்தவள் இல்லை, எங்கள் வார்டின் தலைமை நர்ஸ். பல நாடுகளில் கிளை பரப்பி, தேர்ந்த நர்ஸ்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சங்கம். ஒரு பேட்ஜ் தருவார்கள். "அதைக் குத்திக்கிட்டு எந்த நாட்டு ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சாலும் உனக்கு ஒரு கூடப்பிறந்தவ இருப்பாடி" என்றாள். "மத்தவங்களுக்குப் பயன்படுற மாதிரி புதுசா ஏதாவது கண்டுபிடிச்சு மேடையில பேசு. உன் பேரை நான் சொல்றேன்."

படுக்கைப்புண் சிவப்பாகத் தொடங்கும் என்கிறது பாடப்புத்தகம். கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? விரல்தான் சொல்ல வேண்டும். முதலில் லேசான சூடு. பிறகு தோலுக்கு அடியில் ஒரு கெட்டித்தன்மை. பிறகு அதுவே குளிர்ந்து தொளதொளத்துப் போகும். இந்த வரிசையைச் சொல்ல, யாராவது ஒரே உடம்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஆகவே முள்ளை மட்டும் நகர்த்தினேன்.

அவருக்கு வலிக்கவில்லை. அதைத் தினமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருநாள் சொன்னார், "இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்துல வெச்சா துணி கருகிடும் சிஸ்டர், தெரியும்ல?" தெரியும் என்றேன். சிரித்தார், நானும் சிரித்தேன். என் விரல் அவர் இடுப்பில் இருந்தது. அவரை அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

புண் எலும்புவரை போய், நஞ்சு ரத்தத்தில் கலந்தது. போய்விட்டார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு நேர்வதுதான் என்றார் டாக்டர்.

சங்கக் கூட்டத்தில் பேசினேன். நெடுநேரம் கைதட்டினார்கள். அக்காதான் பேட்ஜைக் குத்திவிட்டாள். ஒருவரையொருவர் கைவிட மாட்டோம் என்று எல்லாரும் கைகோத்து உறுதிமொழி சொன்னோம். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு சாப்பாட்டு மேசையில் மெதுவாகக் கேட்டாள், "மொதல்ல சூடு தெரிஞ்சப்பவே அவரை ஏன்டி திருப்பிப் போடல?"

திருப்பியிருந்தால் அடுத்தது என்னவென்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அதைத்தான் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஆமாம் சார், தையற்காரரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இனி எத்தனையோ பேருக்குப் புண் வருமுன்னே தெரிந்துவிடும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்களிடம் புகார் கொடுத்ததே அக்காதான் என்கிறீர்கள். இருக்கட்டும், கூடப்பிறந்தவர்களுக்குள் கோபதாபம் இல்லாமல் இருக்குமா? போகும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலியை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள். யாரும் வராமல் கிடக்க நான் என்ன தையற்காரரா? அவள் வருவாள்.