அரை நிமிட வேலை

டர்போ கெட்டுப்போனால் டீசல் கார் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. ஓடும், ஆனால் மனசில்லாமல் ஓடும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது, மேட்டைக் கண்டால் முனகும். ஸ்டியரிங்கைத் தொட்டறியாத இந்தச் சாவித்ரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். குஷாய்குடாவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஒயர்களைப் பற்றவைத்தவள் நான். எது எதோடு சேர்ந்தால் வேலை செய்யும் என்பது பார்த்தாலே புரிந்துவிடும்.

என் கணவர் ராமசுவாமிக்கும் அங்கேதான் உத்தியோகம். மகன் கௌஷிக்குக்கும் அங்கிருந்தே வேலை உத்தரவு வந்தது. அவன் அதை மேஜைமேல் வைத்துவிட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினான். அதன் பிறகு மூன்று வருஷம் அப்பாவும் பிள்ளையும் பேசவில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் இருக்கும்போதே, "அவன் சாப்ட்டானான்னு கேளு" என்று இவர் என்னிடம் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டே அவன் எனக்குப் பதில் சொல்வான். நடுவில் நான் ஒரு தபால்காரி.

எங்கள் பழைய காரின் டர்போ ஒருமுறை நிஜமாகவே மக்கர் செய்தது. கௌஷிக் சின்ன வயசிலிருந்தே கார் பைத்தியம். கேள்விப்பட்டதும் சனிக்கிழமை வந்து இறங்கினான். இரண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, காற்று போகும் பெரிய குழாயில் விரிசல் கண்டுபிடித்தார்கள். மாற்றியதும் ஓட்டிப் பார்க்கக் கீசரா வரை போனார்கள். திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவர்கள் பெரிய குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காபியோடு நின்ற நான் ஒரு சின்னக் குழாயைப் பார்த்திருந்தேன். ஸ்ட்ரா அளவுக்கு மெலிசான ரப்பர். டர்போவைத் தட்டி எழுப்புவது அதுதான். அடுத்த மாதம் அதைக் கழற்றி, பார்வைக்கு மாட்டியிருப்பதுபோலவே அதன் இடத்தில் சும்மா சாய்த்து வைத்தேன். கௌஷிக் வந்தான்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஞாயிறு மத்தியானம் இருவரும் உண்ட களைப்பில் கண்ணயரும்போது போய்க் குழாயைத் திரும்ப அழுத்தி மாட்டிவிடுவேன். கடைசியாக எதைத் தொட்டார்களோ அதற்குப் பெருமை போகும். ஒருமுறை ஏர் ஃபில்டர், இன்னொரு முறை சென்சார். மெக்கானிக் பிரசாத்தே, "இந்த வண்டிக்கு அப்பப்போ ஜுரம் வருது சார்" என்று கையை விரித்துவிட்டார்.

"பாத்தியாப்பா, நான் சொன்னேன்ல?"

"ஹவ்டா, ஆமாம்டா, நீதான் ஜெயிச்சே."

இதைக் கேட்க எதுவும் செய்யலாம் என்று தோன்றும். செய்தேன்.

ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை. மறுநாள் கௌஷிக் பெங்களூரிலிருந்து கிளம்புவதாக இருந்தது, அதனால் காலையிலேயே குழாயைக் கழற்றி வைத்திருந்தேன். பத்து மணிக்கு இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டு உமேஷ் எங்கள் காரையே எடுத்தான். இவருடைய இருதய டாக்டர் இருப்பது பேகம்பேட்டில்.

மேம்பாலத்தில் ஏறும்போது, "பிக்கப்பே லேது ஆன்ட்டி" என்றான் உமேஷ். வண்டி வேகமே எடுக்கவில்லை, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பயந்துபோய் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தான். பின்னால் ஒரே ஹாரன். இவர் தலை என் மடியில் இருந்தது. நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, குழாயை ஒரு அழுத்து அழுத்தியிருக்கலாம். அரை நிமிட வேலை. மறந்துபோகவில்லை, பதற்றத்தில் தோன்றாமலும் இல்லை. பேகம்பேட் வரை அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். உமேஷ் பார்த்தால் கௌஷிக்குக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் வரமாட்டான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

கால்மணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். நான் அழுதது பொய்யில்லை. நாற்பது வருஷம் கூட இருந்தவர். இன்னமும் இரண்டு பேருக்கு அரிசி களைந்துவிட்டு, பாதியைத் திரும்ப எடுக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் கௌஷிக் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "போன தடவையே ஃபால்ட்டைக் கரெக்டா பிடிச்சிருந்தா அப்பா இருந்திருப்பாம்மா."

தலையைக் கோதிவிட்டேன். "நீ என்ன, வேணும்னேவா விட்டே? தெரியாமத்தானே" என்றேன்.

அந்த வார்த்தை அவனுக்குள் நன்றாக இறங்கியது. காரை விற்க மாட்டேன், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வாராவாரம் வருகிறான். இளைத்துவிட்டான், சரியாகத் தூங்குவதுமில்லை. போன ஞாயிறு, "இப்போ நல்லா ஓடுதும்மா, இனிமே மாசத்துக்கு ஒரு தடவை வரேன்" என்றான்.

இன்று காலை குழாயைக் கழற்றி வைத்தேன். கையில் ஒரு வேலை இல்லாவிட்டால், குழந்தை அப்பாவையே நினைத்து அழுதுகொண்டிருப்பான்.